முப்பத்தாறு சாரின் கலியாணக் கோட்டு

சேலம் ஜில்லாவிலேயே, ஏன், மதராஸ் ராஜ்யத்திலேயே நெஞ்சளவு கடைக்குக் கடை மாறிய ஒரே மனிதர் எங்கள் 'முப்பத்தாறு' சார்தான். காலையில் செவ்வாய்ப்பேட்டையில் பயில்வானாக இருப்பார். மத்தியானம் ராசிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நோயாளி ஆகிவிடுவார். சாயங்காலம் திரும்பி வந்தால் மறுபடியும் பயில்வான். இத்தனைக்கும் நடுவில் அவர் சாப்பிட்டது இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் காபியும்தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி அவருடைய அம்மாவும் பங்குச் சாமியாரும் கூப்பிடுவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அவர் முப்பத்தாறு சார். அதில் அவருக்குக் கொஞ்சமும் கோபம் கிடையாது. பட்டம் கொடுத்த மாதிரி திரும்பிப் பார்ப்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் பரமத்தி வேலூரிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து ஒரு லாரி பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே அவர் எனக்கு மூத்தவர். ஜவுளி மூட்டைகளை எடை மேடையில் ஏற்றி எடை எழுதுவது அவர் வேலை. மூட்டைமேல் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டிவிட்டுத்தான் எழுதுவார். அப்பேர்ப்பட்டவர் தன் உடம்பு விஷயத்தில் மட்டும், பனியன் கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் துண்டுச் சீட்டு என்ன சொல்கிறதோ அதைத்தான் நம்புவார்.

ஆள் ஒல்லி. சும்மா ஒல்லி இல்லை. அவர் கொடியில் துணி காயப்போடும்போது எது கொடிக்கம்பம், எது அவர் என்று பார்த்துத்தான் கூப்பிட வேண்டும். அந்த ஒல்லியால் மூன்று இடத்தில் பெண் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தவர். கடைசி இடத்தில் பெண்ணின் மாமா எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொல்லியிருக்கிறார்: "மாப்பிள்ளை தங்கமானவருதான். ஆனா ஆடிக் காத்துல யாரு புடிச்சுக்கறது?"

அதைக் கேட்டுவிட்டு வந்தவர் நேரே செவ்வாய்ப்பேட்டை பனியன் கடைக்குள் நுழைந்தார். அந்தக் கடைக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. மீசை முளைத்த எந்த ஆம்பளையிடமும் முப்பத்தாறுக்குக் குறைந்த நம்பரைச் சொல்லமாட்டார். அடுத்த கடையில் முப்பத்திரண்டு என்று விற்கிற பனியனில் இவர் முப்பத்தாறு என்று சீட்டுத் தைத்து வைத்திருப்பார். "உங்க ஒடம்புக்கு முப்பத்தாறுதானுங்க" என்று எடுத்துப் போடுவார். எங்கள் வீதியில் குமாஸ்தா, தரகர், காபி கிளப் சப்ளையர் எல்லோருமே முப்பத்தாறுதான். ஆனால் அதை நம்பினவர் எங்கள் சார் ஒருவர்தான்.

மறுநாள் ஆபீசுக்கு வந்ததும் சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தை என் பக்கம் நீட்டினார்.

"படியுங்க."

"முப்பத்தாறுங்க."

"சத்தமாப் படியுங்க!"

அன்றைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அன்று முதல் அவர் நடையே மாறிவிட்டது. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து அரை அடி தள்ளி வைத்துக்கொண்டுதான் நடப்பார். சந்தில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்க வேண்டியிருந்தது.

ஒருநாள் முதலாளி வீட்டு விசேஷத்துக்கு நெய் வாங்கிவர ராசிபுரம் போனார். வழியில் நல்ல மழை. நனைந்த பனியனை மாற்றலாம் என்று அங்கே ஒரு கடையில் ஏறியிருக்கிறார். கடைக்காரர் இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முப்பத்திரண்டை எடுத்துப் போட்டார். அதுவும் கச்சிதமாகப் பொருந்தித் தொலைத்தது. மறுநாள் ஆபீசுக்கு வந்தவர் கழுத்தில் மஃப்ளர், முகத்தில் ஒரு வாரத்து ஜுரம். இரண்டு நாள் லீவு கேட்டு முதலாளியிடம் கடிதாசி நீட்டினார். காரணம்: உடல் மெலிவு.

"நேத்துக் காலையில நல்லாத்தானய்யா இருந்தே?" என்றார் முதலாளி.

"அது செவ்வாய்ப்பேட்டை பனியனுங்க."

எங்கள் சுமைக்காரர் மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மூட்டையை ஒரே தூக்காகத் தூக்குகிறவர். ஆனால் பனியனே போட்டதில்லை. "ஏஞ்சாமி, பனியனைக் கழட்டிப் போட்டுட்டுக் கண்ணாடியப் பாருங்க. ஆளு அதே ஆளுதானுங்களே!" என்றார். சார் காதில் விழவேயில்லை. லீவு போட்டுவிட்டுச் செவ்வாய்ப்பேட்டை கடைக்குப் போய் ஒரு பனியன் வாங்கி மாட்டினார். மத்தியானமே லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார்.

அப்புறம் அறுபதுகளில் இஞ்சு போய் சென்டிமீட்டர் வந்தது. நாட்டில் யார் யாருக்கு அதனால் என்ன நன்மையோ எனக்குத் தெரியாது. எங்கள் சாருக்கு வந்த யோகம் சொல்லி முடியாது. புதுப் பனியன் பெட்டியில் தொண்ணூறு என்று போட்டிருந்தது. ஆபீஸ் முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

"சார், அது வேற அளவுகோலு. முப்பத்தாறு இஞ்சைத்தான் அப்படிப் போட்டிருக்காங்க" என்றேன், ஜிலேபியைத் தின்று முடித்த பிறகு.

"எந்தக் கோலா இருந்தா என்னங்க? தொண்ணூறு தொண்ணூறுதானே?" என்றார்.

அந்தத் தொண்ணூறு கொடுத்த தைரியத்தில்தான் நாலாவது தடவையாகப் பெண் பார்க்கப் போனார். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்த லூர்து மேரி. கையில் காபி டம்ளரோடு உட்கார்ந்தவர், யாரும் கேட்காமலே பெண்ணின் அப்பாவிடம் "நான் முப்பத்தாறுங்க" என்று ஆரம்பித்திருக்கிறார். அப்பா அதை வயது என்று நினைத்து முகம் சுளித்துவிட்டார். தரகர் குறுக்கே விழுந்து, வயசு இருபத்தொன்பதுதான் என்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. ஆனால் பெண் சரி என்று சொல்லிவிட்டாள். சாருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் அந்தச் சீட்டின் மகிமை என்றே நம்பினார்.

கத்தோலிக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், யாருக்காவது தடை ஏதும் தெரிந்தால் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். அதுபோக, சாருடைய பங்குக் கோயிலுக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. மாப்பிள்ளை கோட்டுப் போட்டுத்தான் கோயிலுக்குள் வர வேண்டும். கோட்டுத் தைக்க எல்லோருக்கும் வசதி ஏது? எந்தப் புண்ணியவானோ பெங்களூரில் வாங்கிக் கொடுத்த ஒரு கறுப்புக் கோட்டு, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வீட்டுப் பெட்டியில் இருந்தது. பத்து வருஷமாகப் பங்கில் நடந்த கலியாணங்களுக்கெல்லாம் அதே கோட்டுதான். ஒரே ஒரு நிபந்தனை: அதில் கத்தரி படக்கூடாது.

முதல் ஓலை வாசித்த அன்று சார் கோட்டைப் போட்டுப் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன். கோட்டின் உள்பக்கச் சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. முப்பத்தாறு!

"நமக்குன்னே தைச்சு வச்ச மாதிரி இருக்குதுங்க" என்று மாட்டிக்கொண்டார்.

கோட்டு அவரை விழுங்கிவிட்டது. தோள் முழங்கைக்கு வந்தது. கை விரல் நுனியும் தெரியவில்லை. முன்பக்கத்தில் என்னையும் உள்ளே சேர்த்துப் பொத்தான் போட்டிருக்கலாம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

"எளைச்சுட்டேன்" என்றார் மெதுவாக. "கல்யாணக் கவலையில பாதி ஆளாப் போயிட்டேன்."

அந்த வாரம் அவர் தின்ற தீனியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கிறது. என் ஊரிலிருந்து வாழைப்பழத் தார், ராசிபுரம் நெய், காலையில் ஆறு முட்டை, பச்சையாக. ஐந்தாம் நாள் வயிறு தகராறு செய்து, இருந்த கொஞ்ச நஞ்ச சதையும் கரைந்தது. இரண்டாவது ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு நேரே சாமியார் அறைக்குப் போனார். சம்பந்தம் இல்லாமல் நானும் முழங்கால் போட வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டே கூடப் போனேன்.

"தடை இருக்குங்க சாமி" என்றார்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கு?"

"மாப்பிள்ளைக்குங்க."

"மாப்பிள்ளை நீதானப்பா?"

"அதனாலதாங்க எனக்கு நல்லாத் தெரியும்."

சாமியார் பயந்துபோய், முன்னாலே கலியாணம் ஆகிவிட்டதா, வேறு எந்தப் பெண்ணுக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, "கோட்டுக்கு நான் பத்தலீங்க சாமி" என்றார் சார்.

"அந்தக் கோட்டுக்கு இதுவரைக்கும் எவன் பத்தினான்?" என்றார் சாமியார்.

"மத்தவங்க யாரும் முப்பத்தாறுன்னு சொல்லிப் பொண்ணு கேக்கலீங்களே! அந்தப் பொண்ணு அதை நம்பித்தானே சரின்னு சொல்லியிருக்கும்? ஏமாத்திட்டேனுங்க. ஒடம்பு தேறுற வரைக்கும் ஓலையை நிறுத்தி வையுங்க. அதுக்குள்ள அது வேற எடம் பாத்துக்கிட்டாலும் பாத்துக்கட்டும்." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது.

கோயிலுக்குப் பக்கத்துக் கட்டடம்தான் கான்வென்ட். சாமியார் ஆள் அனுப்பினார். லூர்து மேரி டீச்சர், பூசைக்கு வந்திருந்த தன் தகப்பனாரோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். அழுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "இவரோட பனியன் எத்தனை இருக்குதோ அத்தனையும் கொண்டு வர முடியுங்களா?" என்றார்.

சார் குடியிருந்த அறை அடுத்த சந்து. ஓடிப்போய்க் கொடியில் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்தேன். செவ்வாய்ப்பேட்டை முப்பத்தாறு, ராசிபுரம் முப்பத்திரண்டு, தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய முப்பத்துநாலு, புதுத் தொண்ணூறு. டீச்சர் நாலையும் பெஞ்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக நீவி விரித்தார். நாலும் ஓரத்தோடு ஓரம் பொருந்தி நின்றன. விரல்கடை அளவுகூட வித்தியாசம் இல்லை. சாமியாரே எழுந்து வந்து பார்த்தார்.

"கடைக்குக் கடை அட்டை வச்சுத்தாங்க துணி வெட்டுவாங்க" என்றார் டீச்சர். "அட்டை அவங்கவங்க வெட்டினது. நம்பரும் அவங்கவங்க வச்சது. கோட்டுலயும் அப்படித்தான் எவனோ ஒருத்தன் எழுதியிருக்கான். நீங்க எளைக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை."

சார் நாலு பனியனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப நான் நெசமா எத்தனைங்க?"

டீச்சர் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார்.

"டேப்பு இல்லீங்களா?"

"இருக்குதுங்க. இன்னைக்கு வேண்டாம்."

கலியாணத்துக்கு முன்னால் பெண்ணே மாப்பிள்ளையை அளக்கக் கூடாது என்று, நூலின் ஒரு முனையைச் சாமியார் பிடித்துக்கொண்டார். மறு முனையோடு நான் சாரைச் சுற்றி வந்தேன். டீச்சர் நூலை வாங்கி ஒரு முடிச்சுப் போட்டுப் பையில் வைத்தார்.

"அது எத்தனைங்க?" என்றார் சார் விடாமல்.

"கோட்டைப் புடிச்சுத் தைக்க இது போதுங்க" என்றார் டீச்சர். அப்புறம், தகப்பனார் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, "பொண்ணு பாக்க வந்தன்னைக்குக் கதவு இடுக்குல உங்களைப் பாத்தனுங்க. தையக்காரிக்கு ஆளைப் பாத்தா அளவு தெரியாதுங்களா? தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்" என்றார்.

சார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாமியார், "அப்ப தடை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. கத்தரி படாமல், கோட்டின் உள்பக்கத்தை மடித்துப் பெரிய பெரிய தையலாக ஓட்டிக் கொடுத்திருந்தார் டீச்சர். விசேஷம் முடிந்ததும் நூலை உருவிவிடலாம். கலியாணத்தன்று சார் கோட்டில் ராஜா மாதிரிதான் வந்தார். ஆனால் பழைய பழக்கம் விடுமா? பீடத்துக்கு முன்னால் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டதும், பதில் சொல்ல நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். முதுகுப் பக்கம் 'பட்' என்றது. அப்புறம் 'பட், பட், பட்' என்று வரிசையாகத் தையல் விட்டது. கோயிலில் அத்தனை பேருக்கும் கேட்டது. கோட்டு ஒரே நொடியில் பழைய பெங்களூர் அளவுக்கு விரிந்தது. அதன் தோள் முழங்கை வரைக்கும் தொங்கியது.

முக்காட்டுக்குள் டீச்சர் தோள் குலுங்குவது தெரிந்தது. சார் குனிந்து தன்னைப் பார்த்தார். பக்கத்தில் டீச்சரைப் பார்த்தார். பிடித்திருந்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு, கோயில் அதிரச் சிரித்துக்கொண்டே "சம்மதம் சாமி!" என்றார்.

வெளியே வந்ததும் போட்டோக்காரர், கோட்டைப் பின்னால் ஊக்குப் போட்டுப் பிடிக்கலாமா என்று கேட்டார். "வேண்டாங்க, இப்படியே எடுங்க" என்று சொல்லிவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். விரல் நுனி தெரியவில்லை. தோள் தோளில் இல்லை. அந்தப் படத்தில் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ கலியாணங்களுக்குப் போய்விட்டேன். பட்டும் சரிகையுமாக எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். அவரைப் போல ஓர் அழகான மாப்பிள்ளையை நான் பார்க்கவேயில்லை.