தருமபுரம் வீட்டுக்கு நான் வாங்கிய பரிசுகள்

காரைக்கால்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய அத்தான் தெட்சிணாமூர்த்தி அவர்களுக்கு, மைத்துனன் முருகானந்தம் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் நித்யஸ்ரீயும் சுகம். அங்கே தாங்களும் கல்யாணசுந்தரி அக்காவும் சுகமாகவும், முக்கியமாகக் கோபம் தணிந்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் வசதி வரவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. தருமபுரத்தில் இருக்கும் உங்கள் வீடு விற்ற மாதிரிதான். திங்கட்கிழமை கிரயம். கோயம்புத்தூரில் பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, இந்த வீட்டை நம்பி நீங்கள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாதா? அந்த பிளாட் கைநழுவிப் போனால் அக்கா என்னை உயிரோடு விடமாட்டாள் என்பதும் தெரியும். ஆகவே ஊரார் சொன்னதை விட்டுவிட்டு, நடந்ததை என்னிடம் கேளுங்கள்.

போன வருஷம் புதுச்சேரியில் எங்களைப் போன்ற வீட்டுத் தரகர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கோட் போட்ட ஒருவர் பேசினார். “ஸ்வீட் பாக்ஸ், சுவர்க்கடிகாரம் எல்லாம் போதும். அந்த வீட்டில் வாடிக்கையாளர் எப்படி வாழப்போகிறார் என்று யோசித்து, அதற்கு உதவுகிற பரிசைக் கொடுங்கள்” என்றார். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. யோசிக்கிற விஷயத்தில் இந்த ஊரில் என்னை அடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? போலகத்தில் என்னிடம் மனை வாங்கி வீடு கட்டிய தமிழ்ச்செல்வன் சாருக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கார்த்திகை மழையில் தெருவே மூழ்கிக் கிடக்க, அவர் ஒருவர்தான் ஜம்மென்று நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தார். “புரோக்கருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாருங்க” என்று இன்றுவரை பஸ் ஸ்டாண்டில் நின்று என்னைப் பற்றியே பேசுகிறாராம். இதைவிட விளம்பரம் உண்டா?

இந்தத் தைரியத்தில்தான் உங்கள் வீட்டு விஷயத்தில் இறங்கினேன். குவைத்திலிருந்து திரும்பி வந்த ஜவஹர் அலிக்கும் அவர் மனைவி பஹீமாவுக்கும் வீடு பிடித்துவிட்டது. கிரயத்துக்கு முன்பே பரிசு கொடுத்தால் மனசு மாறாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. உங்கள் வீட்டில் நானும் குடியிருந்தவன் அல்லவா, அங்கே என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? முதலில் ஒரு ஆர்.ஓ. மிஷினைக் கொண்டுபோய் இறக்கினேன். பஹீமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏண்ணே, போர் தண்ணி கற்கண்டு மாதிரி இருக்கும்னு சொன்னீங்களே?” என்றது. “கற்கண்டுதாம்மா. டீ போட்டாத்தான் கொஞ்சம் திரியும்” என்றேன். முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்தைப் போக்க, ஜவஹர் அலியின் வாப்பாவுக்கு விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கிப் போனேன். பெரியவர் மகிழ்ந்துபோய், “நான் பாட்டே கேக்கறதில்லையே தம்பி” என்றார். “கேக்காம இருக்கத்தாங்க இது. பின்னாடி கல்யாண மண்டபம். முகூர்த்த நாள்ல விடியறதுக்குள்ள மைக்செட் போட்டுடுவான்” என்று விளக்கினேன். பெரியவர் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டார். இதையும் சரிக்கட்ட வேண்டுமே என்று பளபளவென்று ஒரு பித்தளை அண்டா. பஹீமா அதைப் பார்த்து, “அல்ஹம்துலில்லாஹ், பிரியாணிக்கு ஆச்சு” என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது. அப்போது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் பரிசை உபயோகிக்கும் முறை தெரியாமல் விட்டால் எப்படி? மழைக்காலத்தில் உங்கள் வீட்டு மாடி அறையில் அதை எந்த மூலையில் வைக்க வேண்டும் என்று கூட்டிப்போய்க் காட்டினேன்.

இதற்குத்தான் நீங்கள் போனில், “டேய், நீ வீட்ட விக்கிறியா, காட்டிக் குடுக்கிறியா?” என்று கத்தினீர்கள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பலனைப் பாருங்கள். நேற்று அந்தக் குடும்பமே என் வீட்டுக்கு டீ சாப்பிட வந்துவிட்டது! ஜவஹர் அலி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லா புரோக்கரும் பொய் சொல்லுவாங்க. பொய்யையும் சொல்லிட்டு, உண்மையைக் கலர் பேப்பர்ல சுத்திக் கையில குடுத்த ஆளு நீங்க ஒருத்தர்தான்” என்றார். இந்தத் தொழிலில் இப்படியொரு பாராட்டை யார் வாங்கியிருக்கிறார்கள்? வாப்பா ஒரு குட்டித் தூக்கமே போட்டு எழுந்தார். பஹீமா இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தது. “யோசிச்சுச் சொல்றோம்” என்று போயிருக்கிறார்கள். சம்மதம் என்று அர்த்தம்.

ஆகவே கவலையை விடுங்கள். பழுது என்று சொல்ல ஒன்றுமே இல்லாத வீடு. நீங்கள் சொன்ன விலையிலிருந்து ஒரு பைசா இறங்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையே அக்காவோடு புறப்பட்டு வந்துவிடுங்கள். தங்கள் இருவர் பாதங்களுக்கும் எங்கள் நமஸ்காரம். குழந்தை தமிழ்மொழிக்கு மாமனின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
முருகானந்தம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் ஜவஹர் அலி வந்தார். “நீங்க இருக்கிற இந்த வீட்ட நாங்க வாங்கினா என்ன கிஃப்ட் குடுப்பீங்க?” என்று கேட்டார். தொழில் கேள்வி என்று நினைத்து, நானும் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. “இங்க ஒன்னுமே தேவைப்படாதுங்க” என்றேன். “அப்ப இதையே குடுத்துடுங்க” என்று விலை சொன்னார். அந்த விலையைக் கேட்ட நித்யஸ்ரீ என்னைப் பேசவே விடவில்லை. திங்கட்கிழமை கிரயம் என் வீட்டுக்கு. நாங்கள் குடிபோக இடம் வேண்டுமே, உங்கள் வீட்டை நானே வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பிளாட்டுக்குப் பழுதில்லை. ஆனால் அத்தான், விலையை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் சரியில்லை, மைக்செட் தொல்லை, மாடி ஒழுகுகிறது. மனசாட்சியோடு யோசித்தால், அந்த வீட்டுக்கு இவ்வளவு விலை யார் கொடுப்பார்கள்?