ஸ்கூடாய் மாடி மண்டபத்தை நான் தோற்கடித்த விதம்

அன்பும் மரியாதையும் என்றைக்கும் குறையாத மச்சான் தங்கராஜு அவர்களுக்கு,

பாலோவிலிருந்து தங்கள் தங்கை வீட்டுக்காரன் கனகராஜ் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், தங்கள் தங்கை சந்திரமதியும், வருகிற ஞாயிற்றுக்கிழமை மணவறை ஏறப்போகும் மகள் லோஷினியும் சௌக்கியம். கோயில் சௌக்கியம். கோயில் மண்டபம் சௌக்கியம். மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஆறும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாகவே ஓடுகிறது. மூவாரில் தங்கள் நாற்காலிப் பட்டறையும், தங்கள் மனைவி ஷாமளா அக்காவின் முழங்காலும் நல்லபடியாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். பருவநிலை மாற்றம் என்பது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று நிரூபிக்கும் வீடியோக்களை நான் தினமும் காலையில் அன்போடு அனுப்பிவந்ததற்காக, தாங்கள் என்னை வாட்ஸாப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மச்சான், இப்படி ஒரு வெற்றியை உங்ககிட்ட சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது, அதனாலதான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் என்னன்னா, பொண்ணு கல்யாணம் பொண்ணு ஊர்லதான் நடக்கணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னது உங்களுக்கே தெரியும். எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு, நான் செயலாளரா இருக்கிற கோயில், நான் நின்னு கூரை போட்ட மண்டபம், அதை விட்டுட்டு வேற எங்க வைப்பேன்? ஆனா மாப்பிள்ளை ரூபேந்திரனோட அப்பா, நம்ம சம்பந்தி கமலநாதன் இருக்காரே, ஸ்கூடாய்ல புவியியல் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு, அவரு ஆரம்பத்துலேருந்தே ஒரே பாட்டு. "சம்பந்தி, இப்பல்லாம் மழை காலண்டர் பார்த்துப் பெய்யறதில்லை, கடல் சூடாயிடுச்சு, காத்துல ஈரம் கூடிப்போச்சு, உங்க மண்டபம் ஆத்தோரம், தரை வேற தாழ்வு, எங்க தாமான் குடியிருப்புல மாடி மண்டபம் இருக்கு, அங்க வெச்சிக்கலாமே"ன்னு தேன் மாதிரி பேசுவாரு. இதுல லோஷினியும் அவருக்கு ஒத்து ஊதுறா. ஸ்கூடாய்ல தண்ணி ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பார்க்கிறாளாம், அதனால தண்ணி எங்க வரும்னு அவளுக்குத் தெரியுமாம். கழுத்துல இன்னும் தாலி ஏறல, அதுக்குள்ள மாமனார் கட்சி!

சரி, ஊர் முன்னால வெச்சுப் பேசித் தீர்த்துக்கலாம்னு நானே கோயில் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டேன். மனுசன் லேப்டாப், புரொஜெக்டர் எல்லாம் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. நான் சும்மா இருப்பேனா? முந்தின நாளே மண்டபத்துச் சுவத்துக்குப் புது மஞ்சள் பெயிண்டு அடிச்சு வெச்சேன். போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் வெள்ளம் வந்தப்ப ஒரு சேத்துக் கோடு இடுப்பளவுக்கு நின்னுச்சு பாருங்க, அது கல்யாண வீட்டுக்கு லட்சணமா இருக்காதுன்னுதான் அடிச்சேன், வேற எந்த உள்நோக்கமும் இல்ல. சம்பந்தி படம் போட்டாரு, சிவப்புக் கோடு ஏறுது, நீலக் கோடு இறங்குது, தீபகற்பமே கொதிக்கிற மாதிரி ஒரு மேப்பு. முடிச்சதும் நான் எழுந்து, "ஐயா, படம் நல்லாருக்கு, இப்ப இந்தச் சுவத்தைப் பாருங்க, எங்கயாவது ஒரு சொட்டுக் கறை இருக்கா?"ன்னு கேட்டேன். எல்லாரும் திரும்பிச் சுவத்தைப் பார்த்தாங்க. பளபளன்னு இருந்துச்சு. பூசாரி அர்ச்சுனன் மட்டும் லேசா இருமினாரு, அவருக்கு எப்பவும் தொண்டைக் கமறல்.

அப்புறம் பிடிச்சேன் பாருங்க மச்சான்! "மனுசன் எம்மாத்திரம்? கொசுவையே நம்மால ஒழிக்க முடியல, நாம வானத்தை மாத்திட்டோம்னு சொல்றது எவ்வளவு பெரிய ஆணவம்? நான் ஓட்டுற பழைய காருல வர்ற புகை கடலைப் போய்ச் சூடாக்குதாம்! இதெல்லாம் கார்பன் வரி போடறதுக்கும் கரண்டுக் காரு விக்கிறதுக்கும் பண்ற வேலை! ஆண்டவன் பெய்ய வைக்கிற மழையை மனுசனால ஒரு சொட்டுக் கூட்டவும் முடியாது, ஒரு சொட்டுக் குறைக்கவும் முடியாது!"ன்னு மேசையைத் தட்டினேன். மைக்கே கீழே விழுந்துச்சு. கைதட்டல் ஆத்துக்கு அந்தாண்ட கம்பத்து ஜனங்களுக்கே கேட்டிருக்கும். ஆனா கை தட்டினவங்கள்ல பாதிப் பேரு ஓட்டுன்னதும் தயங்கினாங்க, கூட்டத்துல இருந்த ராஜம்மா வேற எழுந்து, "வாத்தியாரு சொல்றதுலயும் பாயிண்டு இருக்கு லா"ன்னு சொல்லிட்டா. அலமாக், கை நழுவுதேன்னு பார்த்தேன், உடனே ஒரு கேள்வி போட்டேன்: "சரி, ஞாயித்துக்கிழமை ஸ்கூடாய் டிராபிக் ஜாம்ல போய் உக்காரணும்னு ஆசைப்படுறவங்க மட்டும் கை தூக்குங்க!" ஒரு கை தூக்கல மச்சான். லோஷினி கையே பாதியில நின்னுடுச்சு. ஜனங்க அறிவியலுக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்களா, ஸ்கூடாய் ஜாமுக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்களான்னு பிரிச்சுப் பார்க்கிற வேலை எனக்கெதுக்கு? ஜெயிச்சது நான். சம்பந்தி லேப்டாப்பை மூடிட்டு, "ஊர் முடிவு எதுவோ அதுவே சரி"ன்னு சிரிச்சாரு பாருங்க, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல, ஆனா தோத்தவன் சிரிப்பை நாம கணக்குல எடுக்கக் கூடாது.

அதோட விட்டேனா? போன சனிக்கிழமை பந்தக்கால் ஊன்றப்ப வானம் கும்முன்னு கருத்துக்கிட்டு வந்துச்சு. சந்திரமதிக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் அலட்டிக்கவே இல்ல. நம்ம ஊர்ல எந்த விசேஷத்துக்கும் மலாய்க்காரங்க, நாம, எல்லாரும் செய்யறதுதானே, ஒரு ஈர்க்குச்சியில சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி, மழை நிக்கட்டும்னு மண்டபத்து வாசல் மண்ணுல நட்டேன். வீட்டுக்கு மூத்த பிள்ளைதான் நடணும்பாங்க, நான்தான் எங்க வீட்டுக்கு மூத்தவன். பதினைஞ்சு நிமிசம் இருக்கும், மேகம் அப்படியே கலைஞ்சு குளுவாங் பக்கம் போயிடுச்சு! குளுவாங்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சாம், பாவம். லோஷினி வாசல்ல நின்னு அந்தக் குச்சியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டா. படிச்ச பிள்ளையை வாயடைக்க வெச்சது எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஆகவே மச்சான், கல்யாணச் சீராகத் தாங்கள் செதுக்கிய மணமக்கள் நாற்காலிகளைச் சனிக்கிழமை காலையிலேயே லாரியில் ஏற்றி, நேராகக் கோயில் மண்டபத்தின் பின்வாசலுக்கு, அதாவது ஆற்றுப் பக்கத்துக்குக் கொண்டுவரவும். மழை முடிந்து மாசியில் அனுப்பவா என்று தாங்கள் சந்திரமதியிடம் கேட்டிருந்தீர்கள். தேவையே இல்லை. தரை கல்லுப் போல இருக்கிறது. தார்ப்பாய்கூட வேண்டாம். இந்தக் கல்யாணத்தில் நனையப்போவது சம்பந்தியின் முகம் ஒன்றுதான்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் பிளாக் செய்தவர்களுக்கு மன்னிப்பும் சொல்லி, வெற்றியோடு முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
கனகராஜ்
செயலாளர் (ஒருமனதாக)

பி.கு.: மச்சான், இந்தக் கடிதத்தைத் தபால்ல போட முடியல. தபாலாபீஸ் வாசல்ல முழங்கால் தண்ணி. வியாழக்கிழமை மத்தியானம் ஆரம்பிச்சது, இன்னும் விடல. மண்டபத்துக்குள்ள மஞ்சள் பெயிண்டுக்கு மேல புதுசா ஒரு கோடு வந்திருக்கு, பழசை விட ஒரு சாண் ஒசரம். நாங்க பள்ளிக்கூட மண்டபத்துல, பாதி ஊரோட பாய் விரிச்சு உக்காந்திருக்கோம். நான் நட்ட குச்சி மிளகாயோட மிதந்து போறதை என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.

என் பொண்ணு கல்யாணம் நின்னு போச்சேன்னு ஒரு மூலையில உக்காந்து நான் அழுதுட்டேன் மச்சான், உங்க தங்கச்சிகிட்ட கேட்டுக்குங்க. அப்ப பார்த்து சம்பந்தியும் ரூபேந்திரனும் ஒரு பெரிய லாரியில வந்து இறங்கினாங்க. முன்னாடியே புக் பண்ணி வெச்சிருந்த மாடி மண்டபத்தை அவரு கேன்சலே பண்ணலையாம். ஓட்டுல தோத்த அன்னிக்கும் பண்ணலையாம். 'நான் அப்பவே சொன்னேன்'னு ஒரு வார்த்தை சொல்லணுமே, சொல்லல. ஒரு துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டிக்கச் சொன்னாரு. சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு எவ்வளவோ நிம்மதியா இருந்திருக்கும்.

அப்புறம் ஊர் சனம் அத்தனை பேர் முன்னாடியும் ரொம்பப் பணிவா கேட்டாரு: "சம்பந்தி, ஞாயித்துக்கிழமை ஸ்கூடாய்லயும் மழைன்னு போட்டிருக்கான். நீங்க வந்து மிளகா வெங்காயம் நட்டா நிக்குமா?" எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. எழுந்து நின்னு, "கட்டாயம் நிக்கும் சம்பந்தி! மனுசன் மனசு வெச்சா வானத்தையே மாத்தலாம்!"னு நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

பூசாரி அர்ச்சுனன் இருமினாரு. லோஷினி போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா, கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னா.

இந்தக் கடிதத்தை ரூபேந்திரன் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புறான், அவனை நீங்க பிளாக் பண்ணலையாம். லாரியை நேரா ஸ்கூடாய்க்கு விடுங்க. தார்ப்பாய் ரெண்டு போட்டு நல்லா கட்டுங்க. வர்ற வழியில பாசார்ல நின்னு சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் வாங்கிட்டு வாங்க மச்சான். கொஞ்சம் நிறையவே வாங்குங்க, இந்தத் தடவை சம்பந்தியும் என்கூட நடறதாச் சொல்லியிருக்காரு.