புயலுக்குத் தைத்த உடுப்பு

ஹெல்மெட் காது வரை வந்து நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் அழுத்து" என்றார் புயல்.

"இதுக்கு மேல அழுத்தினா காது கையோட வந்துரும்" என்றாள் மனைவி. "உங்க தலைக்கு இது சேராதுங்க. கழட்டுங்க."

பந்தய உடுப்பின் கதையும் அதேதான். ஜிப் தொப்பையின் அடிவாரத்திலேயே சண்டித்தனம் செய்தது. கால்சட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து, போதும் என்று நின்றுகொண்டது. ஆனால் நெஞ்சுப் பக்கம் மஞ்சள் நூலில் 'புயல்' என்று பளிச்சென்று தைத்திருந்தது. ஆள் மாறியது என்றும் சொல்ல வழியில்லை.

வெளியே பந்தயத் தடத்தில் அந்தப் புது ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உறுமலுக்கும் புயல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ஆறு வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில் 'புயல்' என்ற பெயரில் புதுக் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர் இவர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். இவர் ஒரு வண்டியைத் திட்டி எழுதினால் அதைச் செய்த கம்பெனியில் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்காது. ஆனால் மகாராசனுக்குக் கார் ஓட்ட வராது!

லைசென்ஸ் இருந்தது. அதை வாங்கிய மறுநாள் காரை வெளியே எடுக்கும்போதே வீட்டு கேட்டையும் கையோடு தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றோடு சாவியைத் தொடவில்லை. பிறகு ஆசிரியர் ஒருநாள், "உனக்கு லைசென்ஸ் இருக்கில்ல?" என்று கேட்டார். இவரும் உண்மையைத்தான் சொன்னார்.

ஓட்டியதெல்லாம் மனைவி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகளெல்லாம் அவளை 'பஸ்ஸம்மா' என்பார்கள், தெருவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது. லீவு நாளில் புதுக் கார் வாசலுக்கு வரும். அவள் ஓட்டுவாள், இவர் பக்கத்து சீட்டில் நோட்டும் பேனாவுமாக.

"ஏம்மா, பிரேக் எப்படி?"

"திடுக்குனு பிடிக்குது. எங்க பஸ்ல இப்படிப் பிடிச்சா கடைசி சீட்டுப் பசங்க எல்லாம் என் மடியில வந்து உக்காந்துருவாங்க. இந்த பெல்ட்டு வேற கழுத்த அறுக்குது."

'முரட்டு பிரேக், கழுத்தறுக்கும் பெல்ட்' என்று இவர் எழுதுவார். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தள்ளியதில்லை. இவர் சேர்த்ததெல்லாம் ஆச்சரியக்குறிகள் மட்டும்தான்.

இந்த முறைதான் மாட்டிக்கொண்டார். தடத்தில் ஓட்டுகிறவரும் பயிற்சியாளரும் தவிர யாரும் காரில் ஏறக் கூடாது. போதாக்குறைக்கு ஆசிரியரே நேரில் வந்து, முன்வரிசையில் கேமராவோடு உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு நீ ஓட்டுறத ஊரே பாக்கணும். சொதப்பினா, உன் பக்கத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

கம்பெனிக்காரர்கள் என்னவோ தங்கமான மனிதர்கள். அழைப்பிலேயே 'துணைவியாரையும் அவசியம் அழைத்து வரவும்' என்று போட்டிருந்தார்கள். மற்ற நிருபர்களுக்கெல்லாம் வாசலிலேயே உடுப்பைக் கொடுத்து அனுப்ப, இவருக்கு மட்டும் நிழலில் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் பிடிக்க ஒரு குடை.

"பாத்தியா மரியாதைய!" என்று மனைவியிடம் பூரித்துப்போனார். உடுப்பு தைக்கும் அம்மாள் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து பஸ்ஸம்மாவிடம் நீட்டினாள். "என்னோடதும்மா, இங்க குடு" என்று இவர் வெடுக்கென வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்தப் பொட்டலம்தான் உயிரை வாங்கியது.

பயிற்சியாளர் கதவைத் தட்டினார். "சார், ரெடியா?"

"தம்பி, ஹெல்மெட் சேரல. என்ன பண்றது, குடுத்து வெக்கல" என்றார் புயல், உள்ளுக்குள் துள்ளிக்கொண்டே.

"அதுக்கென்ன சார், பெருசு ஒண்ணு கொண்டு வரேன்."

"வேணாம், வேணாம்! இடுப்பு வேற பிடிச்சுக்கிச்சு. பத்து வருஷமா இருக்கு. நிமிர முடியல."

சொல்லி வாய் மூடவில்லை, பயிற்சியாளர் தடத்து டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டருக்கு மல்யுத்தக்காரர் கை. புயலைக் குப்புறப் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினார். எங்கேயோ கதவு உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

"அட! சரியாப் போச்சே!" என்று புயல் எழுந்து குதித்தேவிட்டார். பொய்யாகச் சொன்ன வலி இல்லையே அது, உண்மையிலேயே பத்து வருடம் படுத்திய வலி. டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் டாக்டர்" என்று தழுதழுத்தார். அதற்குப் பிறகுதான், என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது உறைத்தது.

"அப்ப அடுத்தது நீங்கதான் சார்" என்று பயிற்சியாளர் போய்விட்டார்.

புயல் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். பஸ்ஸம்மா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். பிறகு உடுப்பைக் கையில் எடுத்தாள்.

"கழட்டிக் குடுங்க. நான் போறேன்."

"ஏய், கண்டுபிடிச்சுருவாங்க!"

"ஹெல்மெட்டு போட்டா எல்லா தலையும் ஒண்ணுதான். வாயத் தொறக்காம தலைய மட்டும் ஆட்டுறேன்."

மாட்டினாள். ஜிப் சர்ரென்று கழுத்து வரை ஏறியது. ஹெல்மெட் அலுங்காமல் உட்கார்ந்தது. 'கம்பெனி அளவுல கோட்ட விட்டதும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு' என்று புயல் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

பெஞ்சின் மேல் ஏறி, மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தார். கார் புறப்பட்டதுதான் தெரியும். முதல் வளைவைத் தாண்டி, நேர்ச்சாலையில் விழுந்து, அடுத்த வளைவுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. டயர் கீச்சென்று கத்தும்போதெல்லாம் இவர் ஜன்னல் கம்பியை இறுக்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் இப்படிப் பயந்ததே இல்லை. அவளுக்கு ஒன்று என்றால்? ஒரு பத்தி எழுதிப் பிழைக்கவா அவளை அதற்குள் அனுப்பினோம்? வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளைச் சுமந்துவிட்டு, லீவு நாளிலும் இவருக்காக ஸ்டியரிங் பிடித்தவள். முணுமுணுத்ததில்லை. இவரும் ஒருநாள்கூட வாய்விட்டு நன்றி சொன்னதில்லை.

கார் வந்து நின்றது. பயிற்சியாளர் இறங்கி, நேரே போய்ப் புல்தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

பஸ்ஸம்மா அறைக்குள் ஓடி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, காரா இது! மிதிச்சா முதுகுல கை வெச்சுத் தள்ளுற மாதிரி போகுது. ஆனா பிரேக்கு பாருங்க, வெண்ணெய்! அந்த வேகத்துலயும் பிள்ளைங்க தண்ணி பாட்டில் சாயாது. அட, சீட்டச் சொல்லணும். என் வாழ்க்கையில முத தடவையா முதுகுக்குத் தலகாணி வெக்காம ரோடு தெரிஞ்சுது!"

இவர் பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அப்போது ஒலிபெருக்கி அலறியது. "இன்றைய நிருபர்களில் மிக வேகமான சுற்று, நம்ம புயல்! புயல் சார் உடனே காருக்கு வரவும். நமது தலைமை எஞ்சினியர் அவருடன் ஒரு சுற்று வர ஆசைப்படுகிறார்!"

"போச்சு" என்றார் புயல்.

"திரும்ப நானே போறேனே?"

"எஞ்சினியர் பேசுவாரு. பதில் சொல்லியாகணும். குடு இத."

மறுபடியும் அந்த உடுப்புக்குள் நுழைந்தார். பாதி ஜிப், முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் கால்சட்டை, கக்கத்தில் ஹெல்மெட். அந்தக் கோலத்தில் வெளியே வந்தபோது கூட்டம் ஒரு கணம் கை தட்ட மறந்தது.

"இப்பத்தானே சின்னதா இறங்கிப் போனாரு?" என்று யாரோ முணுமுணுத்தார். ஆசிரியர் கேமராவைத் தாழ்த்தி, கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

தலைமை எஞ்சினியர் காரில் ஏறித் தயாராக இருந்தார். புன்சிரிப்போடு, "வாங்க புயல் சார்" என்றார்.

புயல் ஒரு காலை உள்ளே விட்டார். தலையை விட்டார். உடம்பின் மீதியை விட இடமில்லை. சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. எப்படியோ திணித்துக்கொண்டு உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன. ஹாரன் தொப்பையில் அமுங்கி விடாமல் ஊளையிட்டது.

"சீட்டப் பின்னால தள்ளிக்கலாமே" என்றார் எஞ்சினியர்.

தள்ளலாம்தான். எதைப் பிடித்துத் தள்ளுவது? ஆறு வருடத்தில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தால் அல்லவா தெரியும்! கதவைத் தடவினார், கண்ணாடி இறங்கியது. கீழே தடவினார், பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றைத் தட்டினார், மழையில்லாத வானத்துக்கு வைப்பர் ஆடியது.

போதும். தூரத்தில் அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற மனைவியை இவர் பார்த்தார்.

"ஏம்மா, இங்க வா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். எஞ்சினியரிடம் திரும்பினார். "சார், எனக்கு ஓட்டத் தெரியாது. இன்னிக்கு ஓட்டினது இவதான். எல்லாக் காரையும் ஓட்டினது இவதான். எனக்குக் கெடச்ச பேரு, சோறு, மரியாதை எல்லாம் இவ போட்டது. ஒருநாளாவது சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப சொல்றேன். ரொம்ப நன்றிம்மா!"

ஹாரன் இன்னும் அலறிக்கொண்டிருந்ததால், கடைசி வரியை அவர் மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. பஸ்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மொதல்ல வெளிய வாங்க" என்று எட்டி எதையோ இழுத்தாள். சீட் சர்ரென்று பின்னால் போக, ஹாரன் ஓய்ந்தது.

ஆசிரியர் முன்வரிசையிலிருந்து எழுந்து விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். முகம் சரியில்லை. புயல் இறங்கி நின்று, தன் கால்சட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். எஞ்சினியரோ துளிக்கூட அதிராமல், பஸ்ஸம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் புயல். "உடுப்பு மட்டும் என் அளவுல வந்திருந்தா எப்படியாவது சமாளிச்சிருப்பேன். அதத் தெச்சவங்க அளவுல கோட்ட விட்டுட்டாங்க."

கூட்டத்தில் நின்ற உடுப்பு தைக்கும் அம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் எங்கண்ணே கோட்ட விட்டேன்? சீட்ட எவ்வளவு இழுத்தாலும் பெடல் எட்டல, பெல்ட்டு கழுத்த அறுக்குதுன்னு நீங்க ஆறு வருஷமா எழுதினத வெச்சு எஞ்சினியர் ஐயா அம்மாவுக்குன்னே சீட்டு செஞ்சாரு, நான் அம்மாவுக்குன்னே உடுப்பு தெச்சேன். கூட வர்ற உங்களுக்குத்தான் குடையும் நாற்காலியும் போட்டமே!"