ஆயாம்மா வாங்கி வந்த லிஃப்ட்

சாதனைப் பெண்களைப் போற்றுவது என்று மகளிர் மேம்பாட்டுத் துறை அந்த ஆண்டு ஒருமனதாக முடிவெடுத்தது. முடிவெடுத்த கூட்டத்தில் இருந்த பதினோரு பேரும் ஆண்கள் என்பதால் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இருக்கவில்லை. தொழில், அறிவியல், மருத்துவம், சமூக சேவை, துறைக்கு ஒரு பெண். கேடயம் ரோஸ் நிறம், மேடை ரோஸ் நிறம், நாற்காலி உறையும் ரோஸ் நிறம். இப்போதெல்லாம் பெண்களைப் போற்றுவதென்றால் ரோஸில்தான் போற்றுகிறார்கள் என்று யாரோ எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார்கள். விழா செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்று குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சாதனைப் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் கூட்டத்தில் எழவில்லை.

மருத்துவத்துக்கான விருது, பிரசவ ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மாவுக்கு. சுற்றறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டியது அந்த வார்டின் ஆயாம்மா. வயது நாற்பத்தாறு, அதில் பத்தொன்பது வருஷம் இந்த ஆஸ்பத்திரியில். டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமலே எட்டிப் படித்தார்.

"செவ்வாய்க்கிழமையா? அன்னைக்கு எனக்கு நாலு ஆபரேஷன் இருக்கே. விருதும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு சொல்லிடுங்க."

"கீழ என்னமோ பொடி எழுத்துல போட்டிருக்கே, அதையும் படிங்கம்மா" என்றார் ஆயாம்மா. பொடி எழுத்தில் வருவதுதான் நம் தலையில் விழும் என்பது அவருடைய பத்தொன்பது வருஷ அனுபவம்.

பொடி எழுத்து இப்படிச் சொன்னது: 'விருதாளர் ஒவ்வொருவரும் மேடையில் ஒரு கோரிக்கை வைக்கலாம். சிறப்பு விருந்தினராகிய துறை இயக்குநர் அவ்விடத்திலேயே ஆணையிடுவார். நேரில் வராத விருதாளருக்குக் குறை ஏதும் இல்லை எனக் கருதப்பட்டு, அன்னாரது நிறுவனத்தின் நிலுவைக் கோப்புகள் யாவும் முடித்து வைக்கப்படும்.'

ஆஸ்பத்திரிக்கு நிலுவையில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. லிஃப்ட்.

பழைய லிஃப்ட் ஆறு வருஷத்துக்கு முன்பு நின்றது நின்றதுதான். பிரசவ வார்டும் ஆபரேஷன் தியேட்டரும் இரண்டாவது மாடியில். வலியோடு வரும் பெண்களை நாற்காலியில் உட்காரவைத்து முப்பத்தெட்டுப் படி தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். தூக்குகிறவர்களில் ஒரு பக்கம் எப்போதும் ஆயாம்மா. போன மாதம் ஒரு பெண்ணுக்குப் படி திரும்புகிற இடத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடுத்த முறையும் பிழைப்பார்கள் என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்? அந்தப் பயம் ஆயாம்மாவை விடவில்லை, கூடவே கோபமும்.

"நீங்க போயிட்டு வாங்க ஆயாம்மா" என்றார் டாக்டரம்மா. "நான் ஒரு லெட்டர் தர்றேன். என் சார்பா கோரிக்கையைக் கொடுத்துட்டு வந்துடுங்க. நாம கேக்கிறது லிஃப்ட் ஒண்ணுதான்."

செவ்வாய்க்கிழமை மண்டப வாசலில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. அவர் கடிதத்தைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லாததால் அதையும் ஒரு முறை படித்தார்.

"சார்பா வர்றதுக்கு விதியில இடமில்லைம்மா."

"டாக்டரம்மா ஆபரேஷன்ல இருக்காங்க சார்."

"பெண்களைக் கௌரவிக்கிற நாள்ல போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இருந்தா எப்படி? பெண்களை மதிக்கவே தெரியாதவங்களா இருக்காங்களே!"

"அப்போ எங்க லிஃப்ட்?"

"வரலைன்னா ஃபைல் க்ளோஸ்."

ஆயாம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. குமாஸ்தாவும் மனுஷன்தானே, இளகினார்.

"இங்க பாருங்கம்மா. என் நோட்டுல ரெண்டு கட்டம்தான் இருக்கு. 'வந்தார்', 'வரவில்லை'. 'சார்பா வந்தார்'னு கட்டமே கிடையாது. இப்போ சொல்லுங்க, நீங்க வந்திருக்கீங்களா, இல்லையா?"

"வந்திருக்கேன்."

"அப்போ வந்தார்" என்று ஒரு டிக் அடித்து, 'சாதனை மருத்துவர்' என்ற ரோஸ் நிற பேட்ஜை அவர் புடவையில் குத்தினார்.

"சார், இது பொய்யில்லையா? நான் டாக்டர்னு ஆயிடுமே!"

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? பேட்ஜ்தானே சொல்லுது."

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் மற்ற மூன்று சாதனையாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொழில், அறிவியல், சமூக சேவை. மூவரும் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். இத்தனை பெரிய மனுஷிகளுக்கு நடுவில் மருந்து மாத்திரை பற்றி யாராவது கேட்டுவைத்தால் என்ன செய்வது? கேட்பதற்கு முன் நாமே கேட்டுவிடலாம் என்று ஆயாம்மா விஞ்ஞானியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னம்மா கண்டுபிடிச்சீங்க?"

விஞ்ஞானி மிரண்டுபோனார். வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் லேப்ல பாட்டில் கழுவுறேன். மேடம் பரிசோதனையைப் பாதியில விட்டுட்டு வர முடியாதுன்னு என்னை அனுப்பிட்டாங்க."

"அட, நீங்களுமா!" என்று கத்தியே விட்டார் தொழிலதிபர். அவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். முதலாளியம்மா லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். சமூக சேவகி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சமூக சேவகியின் நாத்தனார். "எங்க அண்ணி, காணாமப்போன ஒரு பொண்ணை அவங்க வீட்ல சேர்க்கப் போயிருக்காங்க. நீ சும்மாதானே இருக்கே, போய் வாங்கிட்டு வான்னாங்க."

வேலை செய்கிறவர்களுக்குத்தான் விருது. வேலை இருப்பதால் அவர்கள் வரவில்லை. இதில் தவறு எங்கே இருக்கிறது என்று நால்வரும் யோசித்துப் பார்த்தார்கள். எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. முகத்தை நேராக்கிக்கொண்டு மேடை ஏறினார்கள்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் தலை முதல் கால் வரை ரோஸ் நிற கோட்டும் பேண்ட்டும் போட்டிருந்தார். மைக்கை ஆயாம்மாவின் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"டாக்டர் மேடம், இந்த உயரத்துக்கு எப்படி வந்தீங்க? உங்க சக்சஸ் ஸ்டோரியைச் சொல்லுங்க!"

ஆயாம்மாவுக்குத் தெரிந்த உயரம் ஒன்றுதான். "முப்பத்தெட்டுப் படிங்க. ஒவ்வொரு படியா, முதுகு ஒடிய ஏறணும். நடுவுல நிக்கக் கூடாது, நின்னா உசுருக்கே ஆபத்து."

"ஆஹா! வெற்றிக்கு முப்பத்தெட்டுப் படிகள்! நடுவில் நிற்காதே!" என்று தொகுப்பாளர் கூவ, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் இருந்த சிலர் அதைக் குறித்துக்கொள்ளவும் செய்தார்கள்.

கேடயம் கொடுக்க இயக்குநர் எழுந்து வந்தார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அடக்கமான புன்னகை. இயக்குநர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்ற வைக்கும் தோற்றம். ஆயாம்மா கேடயத்தை இடது கையில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் கோரிக்கைத் தாளை நீட்டினார். புன்னகை அப்படியே உறைந்துபோனது.

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றார் அவர், உதடு அசையாமல். "நான் இயக்குநர் இல்ல, அவரோட டிரைவர். ஐயாவுக்கே இன்னைக்கு வேற இடத்துல விருது, நேரம் தவறாம கடமைக்கு வர்றதுக்கு. போய் உக்காரு, சிரி, கேடயத்தைக் கொடு, எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதேன்னு சொல்லி அனுப்பியிருக்கார்."

"நானும் டாக்டர் இல்லண்ணே. ஆயா."

"ஐயய்யோ!"

"அங்க உக்காந்திருக்கிற மூணு பேரும்கூட அவங்க இல்ல."

டிரைவர் வரிசையை ஒரு முறை பார்த்தார். "அப்போ இந்த மேடைக்கு யாருதாம்மா வந்திருக்கா?"

"வரச் சொன்னா வர்றவங்க எல்லாரும் வந்திருக்கோம்ணே. கையெழுத்தைப் போடுங்க. இல்லைன்னா லிஃப்ட் ஃபைலை மூடிடுவாங்க. படியில தூக்கிட்டுப் போறப்போ ஒரு உசுரு போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டவர் தாளைப் பார்த்தார். முகம் மாறியது. "என் பொண்ணுக்கு அங்கதான் பிரசவம். நாற்காலியில ஒரு பக்கம் நான்தான் பிடிச்சேன். மூணு இடத்துல இறக்கி வெச்சோம். முதுகு இன்னும் சரியாகல."

"மறுபக்கம் நான்தாண்ணே."

டிரைவர் பேனாவை உருவினார். பதினான்கு வருஷமாக ஐயா காரிலேயே உட்கார்ந்து போடுகிற கையெழுத்து. பார்த்துப் பார்த்து அவருக்கு அது ஐயாவைவிட நன்றாக வந்தது. போட்டோக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை பேப்பரில் இயக்குநர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு டீயைக் கொட்டிக்கொண்டார். அது என் கையெழுத்து இல்லை என்று சொல்லலாம்தான். சொன்னால், அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். நேரம் தவறாமல் கடமைக்கு வருவதற்கான விருதை வாங்க, கடமைக்கு வராமல் போயிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? எனவே கோப்பு நகர்ந்தது. தடுக்கக்கூடியவர் யாரும் தடுக்க முடியாத நிலையில் இருந்ததால், அரசு அலுவலகம் அதுவரை கண்டிராத வேகத்தில் நகர்ந்தது. மூன்றே வாரத்தில் லிஃப்ட் வந்து இறங்கியது.

ஆயாம்மா அதன் கதவைத் தொட்டுப் பார்த்து அழுதார். சந்தோஷத்தில்தான்.

லிஃப்ட்டோடு ஒரு ஆணையும் ஒரு வாட்ச்மேனும் வந்தார்கள். 'மேற்படி லிஃப்ட், கோரிக்கை விடுத்த விருதாளரின் பயன்பாட்டுக்கும், அவர் உடன் அழைத்து வரும் நோயாளிகளின் பயன்பாட்டுக்கும் மட்டுமே. பிறருக்கு அனுமதி இல்லை.' பக்கத்தில் அடையாளத்துக்காக விருதாளரின் படம் ஒட்டப்பட்டிருந்தது. ரோஸ் நிற பேட்ஜோடு, கேடயத்தை இடுக்கிக்கொண்டு நிற்கும் ஆயாம்மா.

முதல் நாளே வாட்ச்மேன் டாக்டரம்மாவை நிறுத்திவிட்டார். "போட்டோ ஒத்து வரலைங்களே. படியில போங்க."

டாக்டரம்மா துறைக்கு எழுதினார். பதில் வந்தது: 'தங்கள் முகம் அலுவலகப் பதிவில் உள்ள தங்கள் முகத்தோடு ஒத்துப்போகவில்லை. தாங்கள் தாங்களே என்பதற்கு, விருது பெற்ற மருத்துவரிடம் சான்று பெற்று அனுப்பவும்.' ஆயாம்மா கையெழுத்துப் போட்டால் டாக்டரம்மா டாக்டரம்மாவாகிவிடுவார். ஆனால் அந்த நிமிஷமே ஆயாம்மா ஆயாம்மாவாகிவிடுவார், கோரிக்கை செல்லாது, லிஃப்ட் வந்த வழியே திரும்பிப் போய்விடும். டாக்டரம்மா பதில் கடிதத்தை நாலாக மடித்து மேஜை டிராயரில் போட்டார்.

"நோயாளிங்க மேல போறாங்கல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் படியேறினார்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவர் வாசலில் வந்து இறங்கவும் மாடியிலிருந்து நர்ஸ் கத்தவும் சரியாக இருந்தது. "மேடம், சீக்கிரம் வாங்க! குழந்தையோட துடிப்பு குறையுது!" டாக்டரம்மா லிஃப்ட்டை நோக்கி ஓடினார். வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினார். வாதாட நேரமில்லை. ஆயாம்மா ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து டாக்டரம்மாவின் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"நோயாளி" என்றார் வாட்ச்மேனிடம்.

வாட்ச்மேன் உடனே வழிவிட்டார். நோட்டில் 'நோயாளி ஒன்று' என்று எழுதினார். கதவை மூடப் போனவர், நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவைப் பார்த்தார். பாவமாக இருந்தது.

"பயப்படாதீங்கம்மா. மேல போனதும் எல்லாம் சரியாயிடும். டாக்டரம்மாவே உங்ககூட வர்றாங்களே!"

"அவங்க நல்லாப் பாப்பாங்களாங்க?" என்றார் டாக்டரம்மா.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? பேப்பர்லயே போட்டோவோட போட்டிருந்தானே!"