நாலு பால்

ஆடி வெள்ளி காலையில் என்ன நடந்தாலும் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று முதல் நாள் சாயங்காலமே தீர்மானம் போட்டுவிட்டேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவன் பக்கத்து வீட்டு ராஜாக்கண்ணு. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. எதிர்க்கக்கூடிய ஒரே ஆளான என் மனைவி பாஞ்சாலி அப்போது அடுப்படியில் இருந்தாள்.

விஷயம் பேஸ்பால். எங்கள் சந்தவாசலுக்கு ஜவ்வாது மலையிலிருந்து தேன் இறங்கும், சாமை இறங்கும், சீத்தாப்பழம் இறங்கும். பேஸ்பாலை இறக்கியவன் என் மச்சான் சக்திவேல். அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது அக்காவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்து, அதிலிருந்து டிவியில் ஆட்டம் பார்க்க வழியும் செய்துவிட்டுப் போனான். அவர்களுக்கு ராத்திரி என்றால் நமக்கு விடியற்காலை. ஊரே பால் கறக்கிற நேரத்தில் நானும் ராஜாக்கண்ணுவும் பால் எண்ணிக்கொண்டிருப்போம்.

அந்த ஆட்டத்தின் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்து போடுகிறவர் கட்டத்துக்குள் போட்டு, அடிக்கிறவர் கோட்டைவிட்டால் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். கட்டத்துக்கு வெளியே போனால் அது பால். நாலு பால் ஆகிவிட்டால் அடிக்கிறவர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் மூலைக்கு நடக்க வேண்டும். ஓட வேண்டாம், நடந்தால் போதும். இதை ஒருநாள் பாஞ்சாலிக்கு விளக்கினேன்.

"பரவால்லியே. அந்த ஊரு ஆம்பளைங்க நடன்னா நடக்கறாங்களே" என்றாள்.

வெள்ளிக்கிழமை பந்து போடப் போவது எங்கள் ஒட்டடைக்குச்சி. நிஜப் பெயர் எங்கள் வாயில் நுழையாது. ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அவன் கையை வீசினால் பந்து கிளம்பியது தெரியும், வந்து சேர்ந்தது தெரியும், நடுவில் எந்த வழியாக வந்தது என்று அடிக்கிறவனுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. சக்திவேலிடம் கேட்டால் அது சுழல் பந்து என்றான். ராஜாக்கண்ணு அது பில்லி சூனியம் என்றான்.

அதே வெள்ளிக்கிழமை கண்ணமங்கலத்தில் பாஞ்சாலியின் தங்கை ரஞ்சிதம் வீட்டார் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். ஏழு மணி பஸ்ஸில் போக வேண்டும் என்று என் வேட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். ஏழு மணிக்கு ஆட்டம் பாதிதான் முடிந்திருக்கும். அதனால்தான் தீர்மானம். அதற்கு ஒரு திட்டமும் வைத்திருந்தேன்.

"நாளைக்கு எப்பிடி போறது? ஸ்ட்ரைக்காச்சே" என்றேன், பேப்பரைப் புரட்டியபடி.

"இன்னா ஸ்ட்ரைக்கு?"

"ஸ்ட்ரைக்கு மேல ஸ்ட்ரைக்குன்னு பேசிக்கறாங்க. இல்ல ராஜாக்கண்ணு?"

"ஆமா அண்ணி. காலைல அஞ்சு மணிக்கே ஆரம்பம். எப்பிடியும் பத்து பேராவது காலி."

"வேலையிலருந்தா?"

"களத்துலருந்து" என்றான் அவன். நான் அவன் காலை மிதித்தேன்.

நன்றாகக் கவனியுங்கள். பொய் சொல்லவில்லை. பஸ் என்ற வார்த்தை எங்கள் வாயிலிருந்து வரவே இல்லை. பாஞ்சாலி என்னை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு, "சரி, வூட்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சண்டை இல்லை, மூஞ்சி தூக்கல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சுலபமாக நான் ஜெயித்ததே கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலை அமிர்தமாக இருந்தது. மலையிலிருந்து குளிர்ந்த காற்று, கையில் காபி, டிவியில் ஒட்டடைக்குச்சி. ஒரு சுற்று போனது, இரண்டு போனது, ஐந்து போனது. எதிரணியில் ஒருத்தன்கூட ஒழுங்காக ஒரு அடி அடித்து ஓடவில்லை.

"அண்ணா, இன்னிக்கி அவன் ஒருத்தனையும் அடிக்க வுடாம..." என்று ராஜாக்கண்ணு ஆரம்பித்தான். பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன்.

பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு அவரு வாயப் பொத்தறீங்க?"

"ஒம்போது சுத்தும் ஒரு அடிகூட குடுக்காம முடிச்சா அது பெரிய சாதனை. நடந்துக்கினு இருக்கும்போது அதப் பத்தி யாரும் வாயே தொறக்கக்கூடாது. அங்க அது பழக்கம்."

"கண்ணு பட்டுடுமா?"

"அதேதான்."

"அங்கயும் மனுசங்கதான் கீறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் ஏழு மணி பஸ் ஊரையே கூப்பிடுகிற மாதிரி ஹாரன் அடித்தது. நான் பலமாக இருமினேன். ராஜாக்கண்ணுவும் சேர்ந்து இருமினான். ஹாரன் எங்கள் இருவரையும்விட நீளமாக இருமியது.

அடுப்படியிலிருந்து வந்தது தாளிக்கிற சத்தம் மட்டும்தான்.

"அது உள்ளதாணா போச்சி" என்றான் ராஜாக்கண்ணு, டிவியைக் காட்டி. "அம்பயரு பாலுன்றாரு பாரு."

"அந்தாளு கண்ணாடிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டான்டா. போன வாரமும் இவன்தான் கழுத்த அறுத்தான்."

"தட்டறான், தட்டறான். தலையில தட்டறான்ணா."

இப்போது அங்கே ஒரு வசதி. அம்பயர் சொன்னது தப்பு என்று தோன்றினால் ஆட்டக்காரர் தொப்பியில் தட்டலாம். உடனே மிஷின் அளந்து சொல்லிவிடும். ரெண்டு தடவை தட்டித் தோற்றால் அப்புறம் தட்ட முடியாது. மிஷின் அளந்தது. ஸ்ட்ரைக். நாங்கள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

"இந்த மிசினு வூட்டுக்கு வூடு இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றான் ராஜாக்கண்ணு. அவன் மனைவி தேவியும் லேசுப்பட்டவள் இல்லை.

எட்டாவது சுற்று முடிகிற நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து, என் பைக்கை அணைத்தாற்போல் நின்றது. ரஞ்சிதம் இறங்கினாள். அவள் புருஷன், அதாவது என் சகலை கோபால்சாமி, டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினார். பின்னாலிருந்து மாமியார், மாமனார், பிள்ளைகள், எனக்கு யாரென்றே தெரியாத இரண்டு பேர்.

"பஸ் ஸ்ட்ரைக்காமே மாமா? அக்கா போன் பண்ணா. கூழு ஊத்த பதினோரு மணி ஆவும். அதான் நாங்களே வந்து இஸ்துக்கினு போலாம்னு வந்தோம்" என்றாள் ரஞ்சிதம். "வழியெல்லாம் பஸ்ஸு ஓடிக்கினுதான் கீது."

"வாங்க, வாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். என் சோபாவில் மாமனார். நான் கதவோரம். டிவியில் ஒன்பதாவது சுற்று, கடைசிச் சுற்று. இன்னும் மூன்றே பேர் அவுட் ஆக வேண்டும். இந்த ஜென்மத்தில் இப்படி ஓர் ஆட்டத்தை முழுசாகப் பார்ப்பேனா என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருத்தன் அவுட். இரண்டாமவனும் அவுட். மூன்றாமவன் மட்டையோடு வந்து நின்றான். அப்போது பாஞ்சாலி வந்து டிவிக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

"ஏங்க, எல்லாருக்கும் காபி போடணும். பாலு இல்ல."

"ஒரு அஞ்சு நிமிசம், பாஞ்சாலி."

"எங்கம்மா காபி குடிக்காம வண்டி ஏறாது."

வேறு வழி தெரியவில்லை. தலையில் தட்டினேன்.

"நீங்க இன்னாத்துக்கு தலையில அடிச்சிக்கறீங்க? கட்டிக்கினவ நான்தான் அடிச்சிக்கணும்."

"அப்பீலு" என்றேன். "ராஜாக்கண்ணு, நீ சொல்லுடா."

மிஷின் அண்ணியின் முகத்தைப் பார்த்தது. "பாலு வாங்கியாறதுதாணா மொற" என்று அளந்து சொன்னது.

பாஞ்சாலி குரலை உயர்த்தவே இல்லை. "நேத்து ஸ்ட்ரைக்குன்னு சொன்னீங்களே."

"நான் பஸ்ஸுன்னு சொன்னேனா? ஸ்ட்ரைக்குன்னு மட்டும்தானே சொன்னேன்."

"சொல்லலதான். நானும் அதே மாதிரிதான் சொல்றேன். நாலு பாலு."

"நாலு பாக்கெட்டா?"

"பாக்கெட்டுன்னு சொன்னேனா? நாலு பாலுன்னு மட்டும்தானே சொன்னேன். நாலு பாலு ஆயிட்டா அந்த ஊர்ல இன்னா பண்ணுவாங்க?"

கூடமே என்னைப் பார்த்தது. சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

"நடப்பாங்க."

"ம். நடங்க."

பைக்கை வேன் மறித்துக்கொண்டு நின்றதால் நிஜமாகவே நடந்தேன். பால் பூத் முதல் மூலையில்தான் இருக்கிறது. நாலு பாக்கெட்டை வாங்கிக் கையில் பிடித்தபோது எங்கள் வீட்டிலிருந்து 'ஓ' என்று ஒரு பெரும் சத்தம் கிளம்பியது. தெரு நாய் எழுந்து உட்கார்ந்தது. சந்தோஷத்தில் போட்ட ஓவா, ஐயோ போச்சே என்கிற ஓவா, என்னால் பிரிக்க முடியவில்லை. என் மாமனார் வீட்டுக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே ஓதான் போடுவார்கள். ஓடினேன்.

போய்ச் சேரும்போது டிவி கறுப்பாக இருந்தது. போன் பாஞ்சாலியின் கைப்பையில் இருந்தது. என்னுடையது பட்டன் போன். ராஜாக்கண்ணு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா ஆச்சி?"

"அண்ணிய கேளுங்கணா."

பாஞ்சாலி பாலைக் காய்ச்சி, முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டினாள். சர்க்கரை எனக்குப் பிடித்த அளவில் இருந்தது. வேனில் ஜன்னலோர இடத்தையும் எனக்கே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலை பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரைக்கில் இருந்த பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது.

"பாஞ்சாலி, கடைசி ஆளு அவுட்டானானா? அவன் அந்தச் சாதனைய பண்ணிட்டானா இல்லியா?"

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"அதப் பத்தி யாரும் வாயே தொறக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."