ஸ்பீக்கர் காக்காவின் படக் கந்தூரி

இலங்கையின் கிழக்கே எங்கள் கரையோரத்தில் ஸ்பீக்கர் காக்காவின் குரலைக் கேட்காமல் யாரும் கல்யாணம் முடித்ததும் இல்லை, மண்ணறைக்குப் போனதும் இல்லை. காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில் எந்த ஊரில் எது நடந்தாலும், அவருடைய ஓட்டைக் காரின் தலையில் கட்டிய இரண்டு குழாய்கள் அதை அறிவித்துவிடும். மைக் பழுதான நாட்களில் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தொண்டையாலேயே அறிவிப்பார். ஊரில் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவதுதான் தொழில். ஆனால் அவரை நான் நினைத்துக்கொண்டே இருப்பது அவர் நடத்திய படவிழாவுக்காக.

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் ஊரில் ஒரு நெல் ஸ்டோரின் கூரையை வழித்துக்கொண்டு போனது. மிஞ்சிய நான்கு சுவர்களைப் பார்த்துச் சொந்தக்காரர் அழுதார். பக்கத்தில் நின்ற காக்கா சிரித்தார்.

“அழாதீங்க ஹாஜியார். கூர இரிந்தா நெல்லு ஸ்டோர், கூர இல்லாட்டி தியேட்டர்.”

“மழ பெய்ஞ்சா?”

“படத்துலதான் பெய்யுதெண்டு நெனச்சிக்குவாங்க.”

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு அம்ப்ளிஃபயருக்கு வால்வு வாங்கக் கொழும்புக்குப் போனவர், வெயிலுக்கு ஒதுங்கி ஒரு சிறு மண்டபத்துக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே ஒரு சிங்கள இளைஞன், கடன்பட்டு எடுத்த தன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவனுடைய அண்ணன், அண்ணனின் கூட்டாளி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர். படம் முடிந்ததும் காக்கா தன் சந்தைச் சிங்களத்தில் விசாரித்தார்: “ஏன் தம்பி மொகம் இப்பிடி இரிக்கி?”

“ஆட்கள் வரவில்லை.”

“எங்கட ஊர்ல ஆக்களத் தவிர வேறொண்டும் இல்ல. தூக்குங்க பெட்டிய.”

இப்படித்தான் ஆரம்பித்தது. பெரும்போக அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் நாட்களில், வருடத்துக்கு ஒரு தடவை, கைக்காசில் படம் எடுத்துவிட்டுக் காட்ட இடமில்லாமல் அலைந்தவர்கள் சிங்களவர், தமிழர் என்று பாராமல் தகரப் பெட்டிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஏலத்தில் எடுத்த பழைய பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரை ஜெனரேட்டரில் ஓட்டியவரும் காக்காதான்.

அதை விழா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “படக் கந்தூரி” என்றே ஊரெல்லாம் அறிவித்தார். கந்தூரி என்றால் அவுலியாக்கள் எனும் இறைநேசர்களின் பேரில் ஊருக்கே போடும் சோறு. பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் கூப்பிட்டு அதட்டினார்.

“கந்தூரி அவுலியாக்கள்ற பேர்ல குடுக்கிறது. நீ படத்துக்குக் குடுக்கிறயா?”

“படத்துக்கு இல்ல மரைக்கார், படம் எடுத்த பொடியன்மாருக்கு. வயிறு ஒட்டிப்போய் வந்திரிக்கானுகள், நீங்களே வந்து பாருங்க.”

விசாரிக்க வந்த மரைக்கார் அந்த வருடம் ஒரு படத்தையும் விடாமல் விசாரித்தார்.

கந்தூரியில் ஒரு பெரிய தட்டில் சோறும் இறைச்சிக் கறியும் வைத்து ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அதைச் சஹன் என்போம். காக்கா படம் எடுத்தவரை ஒரு சஹனில் இருத்தி, பார்த்தவர்களைச் சுற்றிவர இருத்திவிடுவார். தட்டு காலியாகும்வரை எழும்பக் கூடாது. வேறு இடங்களில் கேள்வி பிடிக்காவிட்டால் இயக்குநர் கையசைத்து விடைபெறுவார். இங்கே அந்தக் கை சோற்றுக்குள் இருந்தது.

“படம் நல்லம் தம்பி,” என்றார் ஒரு மீன் வியாபாரி. “கொஞ்சம் கட்டையா எடுத்திரிந்தா சோறு ஆறியிரிக்காது.”

படம் ஓடும்போது காக்கா சும்மா இருக்க மாட்டார். சிங்களப் படத்துக்கு மொழிபெயர்ப்பு என்று மைக்கைப் பிடித்தவர், வசனமே இல்லாத இடத்தையும் மொழிபெயர்த்தார். அந்தக் கொழும்பு இளைஞனின் படத்தில் ஒருவன் பாறையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பான். குழாயில் காக்கா முழங்கினார்:

“யோசிக்கிறான்… இன்னம் யோசிக்கிறான்… அவசரப்படாதீங்க… ஆ, தலையச் சொறிஞ்சிட்டான்! என்னமோ விளங்கியிரிக்கி!”

இளைஞன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு திரும்பிப் பார்த்தான். கொழும்பில் எல்லாரும் எழுந்து போகும் இடம் அதுதானாம். இங்கே ஒருவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருடமும் வந்தான்.

பெண்களையும் காக்கா மறக்கவில்லை. மெல்லிய வெள்ளைத் துணியில் திரை தைத்து ஸ்டோரின் நடுவே கட்டினார். இந்தப் பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஒரே படம் இரண்டு பக்கமும் தெரியும். மறுபக்கத்தில் மட்டும் இடம் வலமாக மாறித் தெரியும். அதை யாரும் யோசிக்கவில்லை. முதல் நாள் முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து முறைப்பாடு வந்தது: “இதென்ன படம், அத்தின பேரும் இடது கையால சோறு திங்கிறானுகள்! புள்ளயள் பாத்துப் பழகவா?”

அதற்குப் பிறகு படத்தில் யாராவது சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலே குழாய் அலறும்: “பின்பக்கத்துத் தாய்மாரே, சகோதரிகளே! இவர் வலது கையாலதான் சாப்பிடுறார். அல்லாஹ் சாட்சி, நான் இங்கால இரிந்து பாத்துக்கொண்டிரிக்கன்!”

துணிக்கு அப்பாலிருந்து வரும் கேள்விகள்தான் சூடானவை. அந்தப் பாறைப் படம் முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: “இவ்வளவு நேரம் யோசிச்சானே, ஊட்டுக்குத் தண்ணி அள்ளிக் குடுத்தது ஆரு?” தன் அடுத்த படத்தில் அந்த இளைஞன் குடத்தோடு ஒரு தாயை வைத்தான்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் அப்போது அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புலமைப்பரிசிலில் வெளிநாடு போய் ஒரு வருடம் சினிமா படித்துவிட்டு வந்தவன். சுவரில் விழும் ஒரு நிழலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். சேமிப்பையெல்லாம் கொட்டி ஒரு படம் எடுத்தேன். சவூதிக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. நடிக்க எந்தப் பெண்ணும் வரவில்லை. கடைசியில் என் மூத்த சகோதரி, ராத்தா, சம்மதித்தாள். அவளுடைய கணவர் உண்மையிலேயே சவூதியில் இருந்தார்.

“ஊர் கதைக்கிறத நான் பாத்துக்குவன் தம்பி. எனக்கு நீ படத்தக் காட்டணும். வேறொண்டும் வேணாம்.”

“காட்டுறன் ராத்தா.”

கந்தூரியின் கடைசி நாள் என் படத்துக்கு என்று காக்கா ஒதுக்கினார். நான் நிபந்தனை போட்டேன். மைக்கில் ஒரு சொல் பேசக் கூடாது. துணித் திரை கூடாது, வெள்ளையடித்த சுவரில்தான் காட்ட வேண்டும். என் சட்டகங்களை யாரும் இடம் வலம் மாறிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

காக்கா போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“சுவத்துக்கு மறுபக்கம் இல்லயே தம்பி. பொம்புளையள் எங்க இரிக்கிற? ஒங்கட ராத்தாவும் வருவாவே.”

“படத்த ஒழுங்காக் காட்டணும் காக்கா. இல்லாட்டி நான் தரமாட்டன்.”

“அப்ப நாளைக்குப் பொம்புளையளுக்கெண்டு தனியா ஒருக்காப் போடுவம்.”

“காலை பஸ்ஸில கொழும்புக்குப் போகணும். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்ப இந்த ஒரு பிரதிதான் இரிக்கி. ராத்தாக்குப் பிறகு காட்டுவன்.”

படம் எடுத்தவன் சொல்வதுதான் சட்டம் என்பது அவருடைய கொள்கை. ஒத்துக்கொண்டார்.

இரவு இஷாத் தொழுகை முடிந்து படம் ஆரம்பமானது. சுவரில் அது அழகாகத்தான் இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. நடுவில் திரும்பிப் பார்த்தால் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் காக்காவைக் காணோம், யாரோ ஒரு மாணவன் நின்றான். கோபத்தோடு தேடிக்கொண்டு வெளியே போனேன்.

பக்கச் சுவரின் வெளிப்புறத்தில், கவிழ்த்து வைத்த ஒரு வாளியில் காக்கா உட்கார்ந்திருந்தார். உள்ளே இடமில்லை என்றும் வீடு திரும்பாத பெண்கள் அவரைச் சுற்றி மணலில் இருந்தார்கள். முன்னால் ராத்தா. உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பதும், திரும்பி அவர்களுக்குச் சொல்வதுமாக இருந்தார் காக்கா. மிக மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது.

“இப்ப ராத்தா கதவத் தொறக்கிறா… தெருவப் பாக்கிறா…”

உள்ளே போய்ப் படத்தை நிறுத்தி, துணியைக் கட்டச் சொல்லியிருக்கலாம். துணியும் கயிறும் வெளியே தயாராகத்தான் கிடந்தன. நான் செய்யவில்லை. வெட்கம் தடுத்தது என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிவந்தேன். வெட்கம் அல்ல, கர்வம். திரும்பிப் போய் என் இடத்தில் உட்கார்ந்து என் சட்டகங்களைப் பார்த்தேன்.

படம் வெளிநாட்டுக்குப் போனது. பல மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. திறந்தால் உள்ளே வேறு யாரோ எடுத்த பனிமலைப் படம். எத்தனையோ தடவை எழுதிக் கேட்டும் என் படம் கிடைக்கவில்லை. அந்தப் பெட்டியையும் காக்கா வாங்கிக்கொண்டார்.

“எந்த ஊர்ப் பொடியனோ குளிருக்குள்ள கிடந்து எடுத்திரிக்கான். அவன்ட படத்தையும் நாலு பேர் பாக்கட்டும்.”

அடுத்த கந்தூரியில் அதைத் துணித் திரையில் காட்டினார். “இது உப்பளம் இல்ல, ஐஸ்!” என்று இரண்டு பக்கமும் கேட்க முழங்கினார். ராத்தாவும் வந்து பார்த்தாள். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு யுத்தம் வந்து நாடு கெட்டது. பொழுது சாய்ந்தால் தெருவில் ஆள் இல்லை. எண்பதுகளின் நடுவில் கந்தூரி நின்றது. நான் மறுபடி படம் எடுக்கவில்லை. காக்கா போய்ச் சேர்ந்தபோது அதை அறிவிக்க ஊரில் சரியான குரல் இருக்கவில்லை.

ராத்தாவுக்கு இப்போது நல்ல வயது. போன மாதம் வீட்டுக்கு வந்த புது மருமகள் கேட்டாள்: “மாமி, நீங்க படத்துல நடிச்சயளாமே? என்ன கதை?”

ராத்தா சொல்லத் தொடங்கினாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

“நான் வாசல்ல தனியா இரிக்கன். அவர்ற சங்கதி ஒண்டும் வரல்ல. அப்ப அடுத்தூட்டு ஆசியா கறிச்சட்டியோட வாறா. பொறகு முன்னூட்டு மரியம் வாறா, புள்ளயத் தூக்கிக்கொண்டு. ஒவ்வொருத்தரா வந்து வாசல் நெறஞ்சி போகுது. நான் சிரிக்கன். அதோட படம் முடியுது.”

நான் எடுத்த படத்தில் ஆசியா இல்லை, மரியம் இல்லை. கறிச்சட்டியும் இல்லை. கடைசிவரை அவள் அந்த வாசலில் தனியாகவே இருந்தாள். ஆசியாவும் மரியமும் அன்றைக்குச் சுவருக்கு வெளியே மணலில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களைக் காக்கா தன் சொல்லாலேயே ஒவ்வொருவராக எழுப்பிப் படத்துக்குள் அனுப்பியிருக்கிறார்.

ராத்தாவை நான் திருத்தவில்லை. அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருக்கிறது.