வெள்ளிவிழாப் பட்டிமன்றமும் பேக்கிங் செட்டின் பின்கதவும்

திருத்தங்கல்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் முனியராஜ் அவர்களுக்கு, உங்கள் மச்சினன் அன்பரசன் வணங்கி எழுதுவது. காரியாபட்டியில் நீங்களும், அக்கா பாண்டிச்செல்வியும், உரக்கடையும், கடையின் பின்னறையில் கட்டியிருக்கும் ஆடும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் இந்த நிமிடம் வரை சுகம். அடுத்த நிமிடத்துக்கு உத்தரவாதம் கிடையாது; ஏன் என்பது கீழே வரும். போனில் சொல்லலாம் என்றால், நான் மூன்று வார்த்தை பேசுவதற்குள் "மொதலாளி கால்ல விழுந்துரு மாப்ளே" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்து வைத்தாலும் எழுத்து உள்ளே இருந்து பேசிக்கொண்டேதான் இருக்கும். தாளின் மறுபக்கத்தில் தெரியும் சங்குச்சக்கர லேபிள்களைப் பொருட்படுத்த வேண்டாம். கலர் பிசகிய தாள்தான் எனக்குச் சும்மா கிடைக்கும்.

"சாமியத் திட்டுனியாமே?" என்று கேட்டீர்கள். யார் சொன்னது? நான் சாமியைத் திட்டவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சிக்கு இரண்டு கம்பெனி என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று நான் கம்ப்யூட்டரில் லே-அவுட் போடும் அச்சகம், இன்னொன்று அம்மா பேக்கிங்கில் இருக்கும் பட்டாசுக் கம்பெனி. அச்சக வேலையை எனக்கு வாங்கித் தந்தது நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்க விடுவதில்லை. எங்கள் அச்சகத்தில் எந்த ஆர்டராக இருந்தாலும் முதல் தாளை மிஷின் தலையில் வைத்து, சந்தனம் குங்குமம் தொட்டு, சூடம் காட்டிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்கும் அதே சூடம்தான், மூல வைத்திய நோட்டீசுக்கும் அதே சூடம்தான். ஆடி மாதம் பள்ளிக்கூடச் சார்ட் ஒன்று வந்தது. 'மனிதனின் தோற்றம்', பத்தாயிரம் பிரதி. ஐந்து பேர் வரிசையாக நடந்து போவார்கள். முதல் ஆள் நாலு காலில், வாலோடு. கடைசி ஆள் நிமிர்ந்து, கையில் ஈட்டியோடு. அன்றைக்குப் பார்த்து அண்ணாச்சியே சூடம் காட்ட வந்தார். கண்ணை மூடிப் பாட்டெல்லாம் பாடி முடித்து, கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தார்.

"என்னலே இது? இவனுகளுக்கா நான் சூடம் காட்டுனேன்?"

மிஷின் ஓட்டும் அருள்பாண்டி அண்ணன் பயந்துபோய், "நிப்பாட்டிரவா அண்ணாச்சி?" என்றார்.

"நிப்பாட்டச் சொன்னேனா? கொள்கை வேற, ஆர்டர் வேற. ஓட்டு."

நான் சிரித்துவிட்டேன். அதுதான் என்னுடைய முதல் குற்றம். "என்ன கம்ப்யூட்டரு, இளிக்க? நீ குரங்குல இருந்து வந்தவனோ?" என்றார். "குரங்குல இருந்து இல்ல அண்ணாச்சி. குரங்குக்கும் நமக்கும் ஒரே பாட்டன்" என்றேன். "எம் பாட்டன் பேர ஒரு தெருவுக்கே வச்சிருக்கு, தெரியுமாலே?" என்றார். சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது: ஆவணியில் கம்பெனியின் வெள்ளிவிழா, அதில் பட்டிமன்றம், தலைப்பு 'மனிதன் படைக்கப்பட்டவனா, பரிணமித்தவனா?' படைப்புக்குப் பேச வரிசையில் நின்றார்கள். பரிணாமத்துக்கு ஒருவரும் வரவில்லை. "நீதான சிரிச்ச, நீயே பேசு" என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை. குரங்குக்காக இல்லை மச்சான். ஒரு கதவுக்காக. அம்மா இருக்கும் பேக்கிங் செட் ஒரு சின்னக் கொட்டகை. நாலு பேர் உட்கார வேண்டிய அந்த இடத்தில் சீசனில் பதினோரு பேர் உட்காருகிறார்கள். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. ஆடி பிறந்ததிலிருந்து பின்கதவை மறைத்து அட்டைப்பெட்டிகளை ஏறக்குறையக் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறார்கள். அம்மாவின் இடம் பின்கோடி. முதுகைச் சாய்த்தால் பெட்டிதான். ஏதாவது ஒன்று என்றால் பத்துப் பேரைத் தாண்டித்தான் அவள் முன்கதவுக்கு வர வேண்டும். ஏதாவது ஒன்று என்றால் என்ன என்று நமக்குள் விளக்கம் வேண்டியதில்லை. நம் தெருவில் எத்தனை வீட்டில் மாலை போட்ட போட்டோ இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அம்மா ஃபோர்மேனிடம் ஆறு தடவை சொன்னாள். "சீசன் முடியட்டும்" என்றார். நான் அண்ணாச்சியிடமே போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "படைச்சவனுக்குத் தெரியும்லே, யார எப்பக் கூப்பிடணும்னு. கதவு தொறந்து கெடந்தா மட்டும் விட்டுருவானா?" மச்சான், இதற்குப் பெயர் பக்தி இல்லை. குடோன் வாடகை மிச்சம். படைத்தவன் மேல் அவ்வளவு நம்பிக்கை உள்ளவர் வீட்டு வாசலில் எதற்கு மூன்று கேமரா? எட்டு நிமிடம் என் கையில் மைக் இருக்கும், அறுநூறு பேர் எதிரில் இருப்பார்கள், அண்ணாச்சி எழுந்து போக முடியாது. அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

அடுத்த கூத்து விழா மலர். அதை லே-அவுட் செய்ததும் நான்தான். சீசன் நேரம், மிஷின் காலியாக இருக்காது என்பதால் எல்லாப் பக்கமும் இரண்டு வாரம் முன்பே முடிந்தாக வேண்டும். நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு மேட்டர் வந்தது. நடுவர் இராமகிருஷ்ணன் ஐயா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், போட்டோவோடு எழுதி அனுப்பியிருந்தார்: 'இரு அணியினரும் சிறப்பாக வாதிட்டனர். எனினும், படைத்தவனே வென்றான் என்று பலத்த கரவொலிக்கிடையே தீர்ப்பளித்தேன்.' கரவொலியையும் அவரே எழுதிவிட்டார். நான் போன் போட்டு, "ஐயா, பட்டிமன்றம் இன்னும் நடக்கவே இல்லையே" என்றேன். "தம்பி, காலண்டர்ல அடுத்த வருசத்து ராகுகாலத்த இந்த வருசமே அடிக்கீக. அது மட்டும் நடந்து முடிஞ்சிருச்சா?" என்றார். அவர் போட்டோவைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

விழா அன்று எதிரணித் தலைவி அண்ணாச்சியின் மகள் ரோஷினி. கோயம்புத்தூரில் விலங்கியல் மேல்படிப்பு. மேடைக்குப் பின்னால் நான், "நீங்க படிக்கதே இதத்தானக்கா?" என்று கேட்டேன். "படிக்கது கோயம்புத்தூர்ல. இது வீடு" என்று சொல்லிவிட்டுக் குறிப்பைப் பார்க்கத் தொடங்கினார். மேடையில் வெளுத்து வாங்கினார். "குரங்குதான் மனுசனாச்சுன்னா, மிச்சக் குரங்கெல்லாம் ஏன் இன்னும் குரங்காவே இருக்கு?" கைதட்டல் அடங்க நேரமானது. நான் எழுந்து, "உங்க சித்தப்பா மகன் ஒருத்தர் இருக்காருங்கதால நீங்க பெறக்காமப் போயிட்டீகளா?" என்றேன். பெண்கள் பக்கம் விசில் வந்தது. அண்ணாச்சிகூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே கதவுக்குப் போய்விட்டேன். "கோடிக்கணக்கான வருசமா, ஆபத்துன்னா ஓடத் தெரிஞ்ச உசுருதான் பொழச்சு வந்துருக்கு. சரி, அத விடுங்க. சாமிதான் படைச்சதுன்னே வச்சுக்குவோம். ஓடுறதுக்குக் காலப் படைச்சது சாமி. அந்தக் காலு போற கதவுக்கு முன்னாடி அட்டைப்பெட்டியப் படைச்சது யாரு?"

அண்ணாச்சி சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். இராமகிருஷ்ணன் ஐயா மணியை அடித்தார். எனக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது மச்சான், நான் கடிகாரம் பார்த்தேன். "நேரமாச்சு தம்பி, உக்காருங்க" என்றார். அதில்தான் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. மேசையில் அடுக்கியிருந்த விழா மலரில் ஒன்றை எடுத்து, "உக்காருதேன். எப்படியும் தீர்ப்பு ரெண்டு வாரம் முன்னாடியே வந்துருச்சு, நான்தான் லே-அவுட் பண்ணுனேன்" என்று சொல்லி, நாற்பத்திரண்டாம் பக்கத்தை மைக்கில் வாசித்தேன். 'பலத்த கரவொலிக்கிடையே' என்ற இடம் வந்ததும் அறுநூறு பேரும் நிஜமாகவே தட்டினார்கள். பிறகு நடுவர் எழுந்தார். பாவம், அவரிடம் வேறு தீர்ப்பு இல்லை. அதையே எழுத்து மாறாமல் சொன்னார். ஜனம் அதே இடத்தில் இன்னொரு தடவை தட்டியது. இதுதான் நான் சாமியைத் திட்டிய கதை. நான் திட்டியது நாற்பத்திரண்டாம் பக்கத்தை.

திரும்பி வரும்போது கம்பெனி வேனில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அம்மா மட்டும், "ஏலே, குரங்குல இருந்து வந்தோமோ சாமிகிட்ட இருந்து வந்தோமோ, நாளைக்கு வரப்போறது இந்த வேன்லதான். ஏழு மணிக்கு" என்றாள்.

மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. நாளை வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை, வேனில் அம்மாவுக்கு இடம் இல்லை. நீங்களும் போன் போட்டு, "ஊரோட ஒத்துப் போயேம்லே" என்கிறீர்கள். என் முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்கதவு திறக்கும்வரை மன்னிப்பு இல்லை. வேலை போனால் போகட்டும். அம்மாவும், "எனக்காண்டி எவன் கால்லயும் விழாத" என்று சொல்லிவிட்டாள். போன கோடையில் ஆட்டுக்குக் காற்று வரவில்லை என்று கடையின் பின்சுவரையே உடைத்து ஜன்னல் வைத்தீர்கள், மச்சான். உங்கள் மாமியாருக்கு ஆட்டின் அந்தஸ்தாவது கிடைக்கட்டும் என்றுதான் நான் கேட்கிறேன். இது அதிகமா?

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் வயதுக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் அன்பு, ஆட்டுக்கு என் மரியாதை. உங்களுக்கு நோய் நொடி இல்லாத உடம்பும், கடைக்கு நல்ல மழையும், எல்லா மொதலாளிகளிடமும் நல்ல பெயரும் என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத, கேட்கவும் போகாத,
மா. அன்பரசன்

பின்குறிப்பு (திங்கட்கிழமை): கடிதத்தை வெள்ளிக்கிழமை காலை அனுப்ப நினைத்திருந்தேன். அன்று காலை எட்டு மணிக்குப் பேக்கிங் செட்டுக்குள் ஒரு குரங்கு வந்துவிட்டது. மலைப்பக்கம் லோடு இறக்கப் போன லாரியில் ஏறி வந்திருக்கும் என்கிறார்கள். பின்கதவுக்கு மேலே இருக்கும் சந்து வழியாக நுழைந்து, அட்டைப்பெட்டி உச்சியில் உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகக் கீழே தள்ளியிருக்கிறது. பதினோரு பேரும் முன்கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். அம்மாதான் கடைசியாக வெளியே வந்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சி ஓடி வந்து, பார்த்து, செருப்பைக் கழற்றிக் கையைக் கூப்பி, "ஆஞ்சநேயரே வந்துட்டாருலே! அவரு வர்ற பாதைய அடைச்சு வச்சவன் எவன்?" என்று கேட்டாராம். ஃபோர்மேன் வானத்தைப் பார்த்தாராம். இருபது நிமிடத்தில் அத்தனை பெட்டியும் காலி. இனி அந்தக் கதவை யாரும் எக்காலத்திலும் மூடக் கூடாது என்று உத்தரவு. கதவுக்கு மேலே ஒட்ட உடனே ஒரு படம் வேண்டும் என்று அச்சகத்துக்கு ஆள் வந்தது. கையில் இருந்தது மீந்துபோன சார்ட்தான். அருள்பாண்டி அண்ணன் பிடித்துக்கொள்ள, ஐந்து பேரில் முதல் ஆளை நானே கத்தரித்துக் கொடுத்தேன். இப்போது அவருக்குச் சந்தனம், குங்குமம், தினமும் சூடம். மற்ற நாலு பேரும் குப்பைக்கூடையில்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "இப்பவாவது நம்புதியாலே?" என்றார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தேன். "நம்புதேன் அண்ணாச்சி" என்றேன். மன்னிப்பும் எழுத்தில் கொடுத்தாயிற்று; சுற்றிலும் பூ பார்டர் போட்டேன். ஆகவே மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். அக்கா கண்ணில் பட வேண்டாம், நாளைக்கே காரியாபட்டி முழுக்கத் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அந்தக் குரங்கு தானாகத்தான் வந்தது. சனிக்கிழமையிலிருந்து வருவதற்கு நானும் அம்மாவும்தான் பொறுப்பு. அது ஒரு வாரம் வராவிட்டால் அட்டைப்பெட்டி திரும்பி வந்துவிடும், சீசன் முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வரும்போது ஒரு தார் நாட்டு வாழைப்பழம் கொண்டு வாருங்கள். பஸ்ஸில் யாராவது எதற்கு என்று கேட்டால் சாமிக்கு என்று சொல்லுங்கள். நானும் இங்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.